இரண்டாம் மாடி டோக்கன்

காலை ஒன்பதரைக்குத் தியாகராய நகர் உஸ்மான் சாலையில் அந்த நாலு மாடி ஜவுளிக்கடையின் ஷட்டர் ஏறும். அதற்கு முன்பே இரண்டாவது மாடியில் லியோனார்ட் தன் கண்ணாடி அறைக்கு வெளியே நின்று, சுவரிலிருக்கும் ஆணியில் இரண்டு பித்தளை வில்லைகளை மாட்டியிருப்பார். ஒன்றில் 1 என்றும் மற்றதில் 2 என்றும் பொறித்திருக்கும். சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுவதுகூட அதற்கு அப்புறம்தான்.

அவர் அந்த மாடியின் சூப்பர்வைசர். பட்டுச் சேலை விற்கும் பெண்கள் முப்பத்தெட்டு பேர் அவர் பொறுப்பில் இருந்தார்கள். அவர்களில் யாருக்காவது பாத்ரூம் போக வேண்டுமென்றால் லியோனார்டிடம் வந்து டோக்கன் கேட்க வேண்டும். வில்லையை வாங்கிக்கொண்டு, பின்படியில் இறங்கி, சந்துக்குள் நடந்து, குடோன் கொல்லையில் இருக்கும் ஒரே கக்கூஸுக்குப் போய்த் திரும்ப வேண்டும். பத்து நிமிஷம் கெடு. அதற்கு மேல் ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கழித்துக்கொள்வார்கள்.

கடைக்குள் எதற்கும் குறைவில்லை. குளுகுளுவென்று ஏ.சி., வழவழவென்று பளிங்குப் படிக்கட்டு, சேலை எடுக்க வருபவர்களுக்குக் குளிர்பானம். இது ஒன்றுதான் இல்லை. அது ஒரு குறையாக யாருக்கும் தோன்றவுமில்லை. அதாவது, சொன்னால் நடக்கும் என்ற இடத்தில் இருந்த யாருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்குப் பதினொன்றேகால் இருக்கும். கைசர் ஜஹான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்றாள். ராயப்பேட்டைப் பெண். நாலு வருஷமாகக் கல்யாணப் பட்டுப் பகுதியில் இருப்பவள். கலர் பார்த்தே ஜரிகை எந்த ஊர் என்று சொல்லிவிடுவாள்.

"சார், டோக்கன்."

"ரெண்டும் வெளிய கீதும்மா. வரட்டும்."

"கொஞ்சம் அவசரம் சார்."

"இன்னாம்மா நீ, காத்தாலதான போய்ட்டு வந்த? எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். நான் ஆளப் பாத்து குடுக்கறவன் இல்ல."

அது உண்மைதான். லியோனார்ட் யாரையும் ஆள் பார்த்து நடத்தியதில்லை. கை நீட்டியதில்லை, தகாத சொல் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாந்தோம் கோயிலில் காணிக்கைத் தட்டு எடுத்து வருபவர்களில் ஒருவர். சொல்லப்போனால் அந்த டோக்கன் முறையே அவருடைய சொந்த யோசனை. முன்பெல்லாம் பெண்கள் வாயைத் திறந்து கேட்க வேண்டியிருந்தது. அந்தக் கூச்சம் வேண்டாமே என்றுதான் வில்லை செய்து மாட்டினார். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. நல்ல மனிதர்கள் செய்கிற தவறுகளில் இதுதான் தொல்லை: பக்கத்தில் போய்ச் சொல்லவும் முடியாது, சொன்னாலும் காதில் ஏறாது.

கைசர் ஜஹான் தன் கவுண்டருக்குத் திரும்பிப் போனாள். கால் மாற்றிக் கால் ஊன்றி நின்றபடி, வந்திருந்த அம்மாளுக்குப் பதினாறாவது சேலையை விரித்துக் காட்டினாள். முகத்தில் சிரிப்பு மாறவில்லை. லியோனார்ட் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துவிட்டு, பயிற்சி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் மகள் ரெனிட்டா ஒரு காகிதத்தை நீட்டினாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் விலங்கியல் படிக்கிறாள். அவர்களுடைய இயற்கைக் குழு, ஜவ்வாது மலைக் காப்புக்காட்டுக்குள் எட்டு கிலோமீட்டர் நடந்து போய், இரண்டு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கப்போகிறதாம். குடியரசு தினம் அந்த வருஷம் வெள்ளிக்கிழமையில் வந்ததால் சேர்ந்தாற்போல் மூன்று நாள். ரேஞ்சர் அனுமதியெல்லாம் வாங்கியாயிற்று. அப்பா ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

"அங்க ரூமு, லைட்டு?"

"ஒண்ணும் கிடையாது டாடி. கொழாய் கூட கிடையாது. ஓடைத் தண்ணிதான். எல்லாத்தையும் நாமளே முதுகுல தூக்கினு போணும். அதான் டாடி விஷயமே."

காசு கொடுத்து இல்லாத கஷ்டத்தை வாங்கிக்கொள்வது எப்படி ஒரு விஷயமாகும் என்று லியோனார்டுக்குப் புரியவில்லை. ஆனால் வேண்டாம் என்றால் வீட்டில் ஒரு வாரம் முகம் தூக்கல் நடக்கும். யோசித்து, அப்பாக்களுக்கே உரிய தீர்ப்பைச் சொன்னார்.

"தனியா அனுப்ப மாட்டேன். நானும் மம்மியும் கூட வரோம்."

அடுப்படியிலிருந்து அல்போன்சா எட்டிப் பார்த்தாள். "நான் எதுக்குங்க?" என்றாள். குரலில் ஒரு பயம் இருந்தது. கரடிக்குப் பயப்படுகிறாள் என்று லியோனார்ட் நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை பாரிமுனையில் பஸ் ஏறி, போளூரில் மாறி, மலை கிராமத்தில் இறங்கும்போது பகல் பன்னிரண்டு. மொத்தம் பதினான்கு பேர். தலைவி ஸ்ரீரஞ்சனி என்ற விரிவுரையாளர். மயிலாப்பூர்ப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு மண்வெட்டியைத் தோளில் சாத்தி நின்றாள். காட்டு வாட்சர் ஒருவரும் துணைக்கு வந்தார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்கோ," என்றாள் ஸ்ரீரஞ்சனி. "ஆளுக்கு ரெண்டு பாட்டில் தண்ணி. அரை மணிக்கு ஒரு தடவை நிக்கறோம், குடிக்கறோம். தாகம் எடுக்கலேன்னாலும் குடிக்கணும். ஆன்ட்டி, உங்களுக்கும்தான்."

அல்போன்சா தலையாட்டினாள்.

வெயில் உறைக்கவில்லை, ஆனால் ஏற்றம் விடாமல் ஏறிக்கொண்டே போனது. மூங்கிலுக்குள் நுழைந்து, பாறையில் கையூன்றி, வறண்ட ஓடைகளைத் தாண்டிப் பாதை போனது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே நடந்தார்கள். லியோனார்டுக்கு மூச்சு வாங்கிற்று. நின்ற இடத்திலெல்லாம் மடக் மடக்கென்று குடித்தார், மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினார், தெம்பாக வந்து சேர்ந்துகொண்டார். ஆணுக்கு உலகம் முழுக்க மரங்கள் இருக்கின்றன. மரமில்லாவிட்டால் சுவர் இருக்கிறது. அல்போன்சா மட்டும் ஒரு இடத்திலும் உட்காரவில்லை. பாட்டிலை வாயருகே கொண்டுபோவதும் மூடுவதுமாக வந்தாள்.

நாலாவது தடவை நின்றபோது லியோனார்டுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களா மேடம் எங்க வீட்டம்மாவ? காத்தாலலேந்து ஒரு வாய் தண்ணின்னு கேக்கல. பழைய காலத்து உடம்பு."

ஸ்ரீரஞ்சனி சட்டென்று திரும்பி அல்போன்சாவின் முகத்தைப் பார்த்தாள். என்னவோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் முன்னால் போனவர்கள் கூப்பிட்டார்கள்.

கடைசி ஏற்றத்தில் அது நடந்தது. ஓடைச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில், அல்போன்சா ஒரு பாறையைப் பிடித்தாள். பிடி நழுவிற்று. அப்படியே மடிந்து உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்தாள்.

"மம்மி!"

ரெனிட்டா ஓடிவந்து தாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். உடம்பு கொதித்தது, ஆனால் பல் கிடுகிடுக்க நடுங்கினாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. முதுகுப்பையைக் கழற்றியபோது இரண்டு பாட்டிலும் கழுத்துவரை தண்ணீரோடு வெளியே வந்தன.

நாலு பேர் கைகொடுத்து அவளை ஓடைக்கரை மணலுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மற்ற பிள்ளைகளை ஸ்ரீரஞ்சனி கூடாரம் போட அனுப்பினாள். பிறகு குனிந்து மெல்லக் கேட்டாள்.

"ஆன்ட்டி, கடைசியா எப்போ யூரின் போனேள்? வெக்கப்படாம சொல்லுங்கோ."

அல்போன்சா புருஷனைப் பார்த்தாள். பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நேத்து ராத்திரி."

"தண்ணி குடிச்சது?"

"அதுவும் நேத்து ராத்திரி. எட்டு மணி இருக்கும்."

"ஏம்மா?" என்று அழுதாள் ரெனிட்டா.

"காட்டுல எங்கடி போவேன்? பஸ் ஸ்டாண்டுல பாத்தல்ல, அது ஒரு எடமா? இத்தன பேரு கூட வராங்க. குடிச்சாத்தான வரும்? குடிக்கலைன்னா தொல்ல இல்ல. எனக்குப் பழக்கம்தான்."

"எரிச்சல், வலி?"

"மூணு நாளா கீது."

ஸ்ரீரஞ்சனி லியோனார்டைத் தனியே அழைத்துப் போனாள். சிறுநீர்த் தாரையில் கிருமி பிடித்திருக்கிறது, தண்ணீரில்லாமல் உடம்பு வற்றியும் போயிருக்கிறது என்றாள். உப்பும் சர்க்கரையும் கரைத்த நீர் நிறைய உள்ளே போக வேண்டும். சிறுநீர் இறங்கிவிட்டால் பயமில்லை, ஊர் திரும்பி டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம். இறங்காவிட்டால் ஆஸ்பத்திரிதான். வாட்சர் தலையைச் சொறிந்தார்.

"ஜீப்பு கீழ செக்போஸ்ட் வரைக்கும்தான் சார் வரும். எட்டு கிலோமீட்டரு. இருட்டுல தூக்கினு எறங்க முடியாது, கரடி நடமாட்டம். வெளிச்சம் வந்தாத்தான்."

மணி நாலரை. லியோனார்ட் உப்புச் சர்க்கரைத் தண்ணீரை டம்ளரில் ஊற்றிக்கொண்டு மனைவியின் பக்கத்தில் மண்டியிட்டார்.

"குடி அல்போன்சா. தோ பாரு, கொஞ்சம்."

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். தலையைத் திருப்பினாள்.

"வேணாங்க."

"செத்துப் போவியாடி? குடி!"

"குடிச்சா எங்க போறது? மொதல்ல அத சொல்லுங்க."

ஜுரத்தில் பிதற்றுகிறாள் என்று முதலில் நினைத்தார். இல்லை, தெளிவாகத்தான் சொன்னாள். உயிர் போகிற நேரத்தில்கூட அவளுக்கு முதல் கேள்வி அதுதான். உயிர் பெரிதா மானம் பெரிதா என்று ஒரு டம்ளர் தண்ணீர் முன்னால் ஒரு பெண் கணக்குப் பார்க்கிறாள். அப்படிப் பார்க்க அவளைப் பழக்கியது யார்?

ஸ்ரீரஞ்சனி மண்வெட்டியை எடுத்தாள். "நாங்க எந்தக் காட்டுக்குப் போனாலும் முதல் வேலை அடுப்பு இல்ல அங்கிள், இதுதான். ஓடையிலேந்து எரநூறு அடி தள்ளி, சரிவுக்குக் கீழ. முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. சுத்தி மறைப்பு. வாங்கோ, இடம் காட்டறேன்."

"குடுங்க," என்று மண்வெட்டியை வாங்கிக்கொண்டார் லியோனார்ட்.

நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக அவர் மண் வெட்டினார். மேல்மண் பொலபொலவென்று வந்தது. ஒரு சாணுக்குக் கீழே வேரும் சுக்கான் கல்லும். வெட்ட வெட்ட மண்வெட்டி துள்ளிற்று. பட்டுச் சேலை மடித்தே பழகிய உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம் கிளம்பிற்று. வாட்சர் உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று தலையசைத்தார். முழங்கால் வரை இறக்கினார். வெட்டிய மண்ணை ஒரு பக்கம் குவித்து, அள்ளிப்போட ஒரு கொட்டாங்குச்சி வைத்தார். ரெனிட்டா கொண்டுவந்த பழைய நூல் சேலைகளை நாலு மரத்தில் சுற்றிக் கட்டினார். ஒரு இடத்தில் இடைவெளி தெரிந்தது. அவிழ்த்து மறுபடி கட்டினார். நாலு பக்கமும் சுற்றிவந்து, குனிந்து, எட்டிப் பார்த்து, வெளியிலிருந்து ஒன்றும் தெரியவில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

கடைசியில் ஸ்ரீரஞ்சனி பாதையோரம் ஒரு செடியில் சிவப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட்டாள்.

"துணி இங்க இருந்தா உள்ள யாருமில்லேன்னு அர்த்தம். போறவா எடுத்துண்டு போகணும், வரச்சே திரும்ப மாட்டிடணும். யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்."

"எங்க கடையிலயும் இந்த மாதிரி டோக்கன் ஒண்ணு..." என்று ஆரம்பித்த லியோனார்ட் அத்தோடு நிறுத்திக்கொண்டார். அந்தத் துணிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

ரெனிட்டா தாயைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தாள். அல்போன்சா மறைப்பை ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்தாள். கரைக்குத் திரும்பி வந்து மணலில் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள்.

"குடுங்க."

முதல் டம்ளர் மெதுவாக இறங்கிற்று. இரண்டாவதை அவளே கேட்டு வாங்கினாள். மூன்றாவதைக் குடிக்கும்போது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

பொழுது சாய்ந்தது. பிள்ளைகள் சற்றுத் தள்ளிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீரஞ்சனி கொடுத்த மாத்திரைக்கு ஜுரம் கொஞ்சம் விட்டிருந்தது. லியோனார்ட் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"பழக்கம்னு சொன்னியே, எப்பலேந்து?"

"நான் கடைக்கு வேலைக்கு வந்ததுலேந்து."

கல்யாணத்துக்கு முன்னால் அல்போன்சா அதே கடையில்தான் ஐந்து வருஷம் வேலை பார்த்தாள். அப்போது அவர் சேல்ஸ்மேன். அங்கேதான் பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டார்.

"அப்ப டோக்கன் ஏது? சூப்பர்வைசருகிட்ட வாயால கேக்கணும். ஆம்பள பசங்கல்லாம் நின்னுகினு இருப்பீங்க. உங்களையும் சேத்துதான் சொல்றேன். ஒருத்தன் சிரிப்பான், ஒருத்தன் கையில வாட்ச்ச பாப்பான். மாசத்துல அந்த மூணு நாளு இன்னும் மோசம். அதுக்கு ஒரே வழி, காத்தால டீயோட நிறுத்திக்கறது. எல்லாரும் அப்பிடித்தான் செஞ்சோம். கட்டிக்கினு வந்ததுக்கு அப்பறமும் அது போவல. கோயிலுக்குப் போனா, கல்யாணத்துக்குப் போனா, வெளிய கெளம்பினாலே வாயக் கட்டிடுவேன்."

"ரெண்டு வாட்டி இடுப்பு வலின்னு துடிச்சியே..."

"கல்லு. டாக்டரு சொன்னாரு. நீங்க வாயுன்னுட்டீங்க. நானும் சரின்னு இருந்துட்டேன்."

லியோனார்டுக்கு நினைவு வந்தது. பூண்டு ரசம் வைத்துக் குடி என்று அப்போது வைத்தியம் வேறு சொல்லியிருந்தார்.

"நீங்க டோக்கன் மாட்டினப்போ சந்தோஷப்பட்டேங்க. வாயால கேக்க வேணாமேன்னு. அப்பறம் ஒரு நாள் உங்களுக்கு சாப்பாடு குடுக்க வந்தேன் பாருங்க, அன்னிக்கு ஒரு பொண்ணு உங்க ரூமு கதவாண்ட நின்னுகினு இருந்துச்சு. அது நின்ன நிலையப் பாத்தேன். நான் நின்ன அதே நிலை. கேக்கறது கேக்கறதுதாங்க, வாயால கேட்டா இன்னா, கையால கேட்டா இன்னா."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க நல்லது பண்றதா நெனச்சுகினு இருந்தீங்க. அத எப்பிடி சொல்றது?"

அவள் எழுந்து, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, செடியிலிருந்த சிவப்புத் துணியை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. லியோனார்ட் வாட்ச்சைப் பார்க்கவில்லை. வந்தவளின் முகம் தெளிந்திருந்தது. ஸ்ரீரஞ்சனியைப் பார்த்துத் தலையசைத்தாள். ஸ்ரீரஞ்சனி "அப்பாடா!" என்று மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். லியோனார்ட் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவர் அழுததை மகள் முதல்முறையாகப் பார்த்தாள்.

சனிக்கிழமை பிள்ளைகள் மலை உச்சிக்குப் போனார்கள். புருஷனும் மனைவியும் ஓடைக்கரையில் தங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை இறக்கத்தில் அல்போன்சா நின்ற இடத்திலெல்லாம் தண்ணீர் குடித்தாள். வேண்டியபோது "இருங்க" என்று எல்லோரையும் நிறுத்திவிட்டு மகளோடு புதர் மறைவுக்குப் போய்வந்தாள். உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

திங்கட்கிழமை காலை இரண்டாவது மாடியில் ஆணி மட்டும் இருந்தது, வில்லைகள் இல்லை. லியோனார்ட் பெண்களை வரிசையாக நிறுத்தினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இனிமே டோக்கன் கெடையாது. வேணும்போது போங்க, வாங்க. பக்கத்து கவுண்டர் பொண்ணுகிட்ட பாத்துக்கச் சொல்லிட்டுப் போங்க, போதும்."

அன்று மத்தியானம்வரை ஒருத்தியும் போகவில்லை. இதில் என்ன பொறி இருக்கிறதோ என்று முப்பத்தெட்டு பேரும் பயந்துவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்குக் கைசர் ஜஹான் வழக்கம்போலக் கதவருகே வந்து நின்றாள்.

"சார்..."

"போம்மா. என்னைக் கேக்காதன்னு சொன்னேன்ல?"

"நிஜமாவா சார்?"

"அன்னிக்கு அவசரம்னு சொன்னியே, அப்பறம் எப்ப போன?"

அவள் சற்றுத் தயங்கினாள். "வூட்டுக்குப் போயிதான் சார்." சொல்லிவிட்டு, அவர் முகம் போன போக்கைப் பார்க்காமல் படியிறங்கி ஓடினாள்.

நாலு நாளில் செய்தி கல்லாவுக்குப் போயிற்று. முதலாளி கூப்பிட்டனுப்பினார். தெற்கே இருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து கடையை நாலு மாடியாக்கியவர். கெட்டவர் அல்ல, ஆனால் அவர் கண்ணுக்கு மாடியில் ஒவ்வொரு சதுர அடியும் சேலையாகத்தான் தெரியும்.

"என்னய்யா லியோனார்ட்டு, ரெண்டாவது மாடியில ஒரே நேரத்துல நாலு புள்ளைய காணோமாம்?"

"பாத்ரூம் போயிருப்பாங்க முதலாளி. ஒரே ரூமுல்ல, வரிசையில நிக்கணும். அதத்தான் பேசணும்னு இருந்தேன். மாடியிலயே ஒண்ணு கட்டணும்."

"எடம்? அந்த எடத்துல ரெண்டு ரேக் போடலாமே வே."

"ரேக்க தொட வேணாம். என் ரூமு கீதே, அத எடுத்துக்கங்க. சுவத்துக்கு அந்தாண்டதான் தண்ணிக் கொழாய் போவுது. ரெண்டு கக்கூசு தாராளமா கட்டலாம். நான் படிக்கட்டுகிட்ட ஒரு ஸ்டூல் போட்டுக்கறேன்."

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்ணாடி அறைக்காக லியோனார்ட் பதினோரு வருஷம் காத்திருந்தது அவருக்குத் தெரியும்.

"காட்டுக்குப் போனியே, காத்து கருப்பு எதுவும் அடிச்சிட்டா?"

"என் சம்சாரம் சாகப் பாத்துது முதலாளி. இந்தக் கடையில பழகின பழக்கம். நடுக்காட்டுல, கரண்டு இல்ல, கொழாய் இல்ல, ஒரு மம்முட்டிய வச்சுகினு முக்கா மணி நேரத்துல பொம்பளைங்களுக்கு மறைவா ஒரு எடம் பண்ணேன். நாம நாலு மாடி கட்டிட்டோம், அது ஒண்ணு மட்டும் முடியலன்னா, முடியலன்னு அர்த்தமில்ல. தோணலன்னு அர்த்தம்."

முதலாளி மேஜையில் விரலால் தட்டினார். அல்போன்சாவை அவருக்கும் தெரியும். அவர் காலத்தில் வேலை பார்த்த பெண்தான்.

"வேபாரம் கொறைஞ்சுது, ரெண்டே மாசத்துல இடிச்சிருவேன். ஒன்னையும் வீட்டுக்கு அனுப்பிருவேன்."

"சரி முதலாளி."

பங்குனி பிறப்பதற்குள் வேலை முடிந்தது. வெள்ளை டைல்ஸ், உள்தாழ்ப்பாள், மூடியோடு ஒரு கூடை, வாளி நிறையத் தண்ணீர். லியோனார்டின் ஸ்டூல் படிக்கட்டு முனைக்கு வந்தது. போகிற வருகிறவர்கள் பை இடிக்க, குழந்தைகள் காலை மிதிக்க, அவர் அங்கே உட்கார்ந்து மாடியைப் பார்த்துக்கொண்டார். வியாபாரம் கூடியதா என்றால் அப்படி ஒன்றும் கூடிவிடவில்லை. குறையவுமில்லை. இடிப்பதற்கு முதலாளிக்குக் காரணம் கிடைக்கவில்லை.

மே மாதத்தில் ஒரு நாள் முதலாளியே மாடியேறி வந்தார். ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று, நெற்றி வேர்வையைத் துடைத்தார்.

"ஒண்ணு கேக்கணும்யா. மத்த மாடியில எல்லாம் வைக்கிற குடிதண்ணிக் கேன் பொழுதன்னைக்கும் அப்பிடியே இருக்கு. ஒன் மாடியில மட்டும் மத்தியானத்துக்குள்ள காலி. வெயிலு எல்லா மாடிக்கும் ஒண்ணுதானே. ஒன் புள்ளைகளுக்கு மட்டும் என்ன அப்பிடித் தாகம்?"

லியோனார்ட் ஸ்டூலை விட்டு எழுந்தார்.

"தாகம் எல்லா மாடியிலயும் கீது முதலாளி. மத்த மாடியில அடக்கினு நிக்கறாங்க. ஒரு பொண்ணு தண்ணி டம்ளர கையில எடுத்துட்டு, குடிக்கலாமா வேணாமான்னு யோசிச்சான்னா, அந்த எடத்துல நாம அவ உழைப்ப மட்டும் வாங்கல, அவ உசுரையும் சேத்து வாங்கறோம். வேலைக்கு ஆளு வைக்கறவன் மொதல்ல கட்ட வேண்டியது கல்லாப்பெட்டி இல்ல, கக்கூசு. அது நாம போடற தர்மமும் இல்ல. யாரையும் கேக்காம போய்ட்டு வர்றது அவங்க உரிம."

முதலாளி திரும்பிப் பார்த்தார். கேனுக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் தண்ணீர் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைக்கப் போனார்கள். "குடிங்கம்மா, குடிங்க," என்று கையமர்த்தினார். பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலே போகும் படியில் காலை வைத்தார்.

"வாய்யா, மூணாவது மாடியில எங்க கட்டலாம்னு வந்து காட்டு."